இறுத்தல்

கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.
டன்மோர் கோபுரம், இருபத்திரண்டு மாடி,
நூற்று முப்பத்திரண்டு கதவுக்கும் ஒரே வாசகம்:
"பழுது பார்க்கும் காலத்தில்
தங்களை டிகேன்ட் செய்ய உள்ளோம்."
கிளாஸ்கோவில் எங்கள் அலுவலகத்தில்
இந்தச் சொல்லுக்கு யாரும் இமைப்பதில்லை.
ஒரு கட்டடத்தில் இருப்பவர்களை
இன்னொன்றில் ஊற்றுவது எங்கள் வேலை.
மாதச் சம்பளம்.

ஒரே ஒரு பதில் வந்தது, பச்சை மையில்.
பதினேழாம் மாடி, ஊனா கால்பிரெய்த்,
ரயில்வே ஹோட்டலில் ஒயின் பரிமாறுபவள்.
"ஐயா, இந்தச் சொல் என் பிழைப்பு.
போர்ட் பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைக்க வேண்டும்.
குலுக்கக் கூடாது, அவசரம் கூடாது.
நீங்கள் தந்திருப்பது பதினான்கு நாள்.
மேலும் ஒரு சந்தேகம்.
டிகேன்ட் செய்தால் அடியில் மண்டி நிற்கும்.
உங்கள் கணக்கில் அது யார்?"

சாமான்களை எண்ணும் சாக்கில் போனேன்.
பேருந்தில் அகராதி.
சாடியின் விளிம்பில், ஊற்றுவதற்கென்று குவிந்த இடம்;
அதற்கு லத்தீனில் ஒரு பெயர்.
கிரேக்கத்திலிருந்து வாங்கிய பெயராம்.
அங்கே அதற்குப் பொருள் கடைக்கண்.
அதே இடத்தைப் பார்த்து நாம்
மூக்கு என்றோம். கெண்டி மூக்கு.
அவர்களுக்கு அது கண்ணீர் முதலில் திரளும் முனை.
ரசவாதிகள் அந்தச் சொல்லால் திராவகம் ஊற்றினார்கள்,
பின்னால் வந்தவர்கள் மது ஊற்றினார்கள்,
நான் நூற்று முப்பத்திரண்டு வீடுகளை.

லிஃப்ட் ஓடவில்லை.
ஒன்பதாம் மாடியில் ஃபொலாக்கேயின் தள்ளுவண்டி
படிக்கட்டுக் கம்பியோடு பூட்டிக் கிடந்தது.
பன்னிரண்டில் ஒரு நாய், கதவுக்குப் பின்னால்,
என் கால் ஓசையை முழுதாகக் குரைத்து முடித்தது.

ஊனா என்னைவிட ஒன்பது வயது இளையவள்.
"எண்ணிக்கொள்ளுங்கள்" என்றாள்.
எண்ணினேன். முப்பத்தொரு பெட்டி.
பிறகு மெழுகுவத்தி ஏற்றினாள்.
மின்சாரம் இருந்தது;
பாட்டிலின் தோளுக்குக் கீழே சுடர் வேண்டுமாம்.
"மேசையில் சாயாதீர்கள்."
ஊற்றத் தொடங்கினாள்.
சத்தமே இல்லை. கருஞ்சிவப்பு ஒரு நூலாக இறங்கியது.
கண்ணாடிக்குள் புகை போல ஏதோ
கழுத்தை நோக்கி நகர்ந்தது.
அங்கே நிறுத்தினாள்.

தெளிவை எனக்கு வைத்தாள்.
அடியில் நின்ற இரண்டு விரல் அளவைத்
தன் கோப்பையில் கவிழ்த்து
பல்லால் வடிகட்டிக் குடித்தாள்.

"திரும்பக் கூட்டி வருவோம் என்று
மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்."
"ஆமாம்."
"டிகேன்ட்டரிலிருந்து பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றி
இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை."

மூன்றாம் பக்கம் நான் எழுதியதல்ல.
சொல்லியிருக்கலாம்.
என் மொழியில் இந்த வேலைக்கு இறுத்தல் என்று பெயர்,
கலங்காமல் தெளிவை வடித்தெடுப்பது.
வரி கட்டுவதும் இறுத்தல்தான்.
ஓரிடத்தில் போய்த் தங்கிவிடுவதும்.
கேட்டதற்குப் பதில் சொல்வதும்.
நான்காவதை மட்டும் அன்றைக்கு
என்னால் செய்ய முடியவில்லை.
போர்ட் நன்றாக இருந்தது.

பதினான்காம் நாள், மழை.
பெட்டிகள் முப்பத்தொன்றும் கீழே போய்விட்டன.
திறக்காத ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.
நேற்றே நிமிர்த்தி வைத்ததாம்.
லிஃப்ட் இன்றும் ஓடவில்லை.
ஒரு படி. இன்னொரு படி.
பின்னால் மெத்தையோடு ஒருவர், நாயோடு ஒருவர்,
தள்ளுவண்டியைத் தலைக்கு மேல் தூக்கிய ஃபொலாக்கே,
யாருடையதோ மீன்தொட்டி,
மாடிக்கு மாடி சேர்ந்துகொண்டே வந்தார்கள்.
"நடங்களேன்யா" என்றது மேலிருந்து ஒரு குரல்.
நடந்தேன்,
குலுங்காமல்.
எனக்குப் பின்னால் கோபுரம் மொத்தமும்
மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.